ஆள் போனாலும் புரோஜெக்ட் ஓடணும்: ஜாவா வேலைக்குப் போகிற தங்கச்சிக்கு

பிராக்டிகலுக்கு ஈப்போவில் ஒரு மென்பொருள் கம்பெனி கிடைத்துவிட்டதா? நல்லது, தங்கச்சி. முதல் நாளே உன் கையில் ஒரு ஜாவா புரோஜெக்ட்டைக் கொடுப்பார்கள். கோட் அழகாக இருக்கிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் ஒன்றைக் கேட்டுவிடு: இதைப் புது லேப்டாப்பில் எப்படி ஓட வைப்பது? "இந்தக் கட்டளையைப் போடு" என்று சொன்னால் நீ பிழைத்தாய். "அதை ஒரு அண்ணன் பார்த்துக்கொண்டிருந்தார், அவர் சிங்கப்பூர் போய்விட்டாரே" என்று பதில் வந்தால் முதல் வாரத்தை மறந்துவிடு.

பேராவில் இது அடிக்கடி நடக்கிற கதை. சுங்கை சிப்புட், கோலக்கங்சார், தெலுக் இந்தான் பக்கம் பால் மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டபோதே நம் ஆட்கள் பலர் லயத்தை விட்டு டவுனுக்கு வந்துவிட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் ஈப்போவில் உங்கு ஓமார் பாலிடெக்னிக்கிலும் கம்பாரில் யூடாரிலும் படித்துவிட்டு ஷா ஆலாம், பினாங்கு, சிங்கப்பூர் என்று கிளம்புகிறார்கள். சம்பளம் அங்கேதானே இருக்கிறது, யாரைக் குறை சொல்வது? ஆனால் அவர்கள் எழுதிய சம்பளக் கணக்கும் கடைக் கணக்கும் ஈப்போவிலேயே ஓடிக்கொண்டிருக்கின்றன. நீயும் ஒரு நாள் போவாய். ஆகவே நான் சொல்லப்போகிற எல்லாவற்றுக்கும் அளவுகோல் ஒன்றுதான்: உன்னைத் தேடிப் போன் போடாமல் அடுத்த ஆள் அதை எழுப்ப முடியுமா?

எடுத்துக்காட்டுக்கு ஒரு தோட்டத்துச் சம்பளக் கணக்கையே வைத்துக்கொள்வோம். செக்ரோல், சேமநிதி, சொக்சோ, அடையாள அட்டை எண் எல்லாம் அதில் உண்டு. கூடவே தோட்டத்து மளிகைக் கடையின் பில்லும் அதிலேயே போடுகிறார்கள் என்று வை.

எந்தக் கருவி?

கோடைக் கட்டுகிற பில்ட் கருவியைச் சொல்கிறேன். பழைய புரோஜெக்ட் என்றால் ஆன்ட் இருக்கும். ஜேம்ஸ் டங்கன் டேவிட்சன் டாம்கேட்டைக் கட்டுவதற்காக எழுதியது. 2000இல் தனிக் கருவியாக வந்தது. அது உன்னிடம் எந்த ஒழுங்கையும் கேட்காது. அதனால் ஒவ்வொரு ஆபீசிலும் ஒவ்வொரு மாதிரி இருக்கும். 'லிப்' என்ற ஃபோல்டரில் ஜார் கோப்புகள் குவிந்து கிடக்கும். சிலவற்றின் பெயரில் வெர்ஷன் எண்கூட இருக்காது. 2004இல் மேவன் 1.0 வந்தது. சோர்ஸ் இங்கே இருக்கணும், டெஸ்ட் அங்கே இருக்கணும், வேண்டிய லைப்ரரியைப் பெயரும் எண்ணும் போட்டுக் கேட்டால் நானே இறக்கிக்கொள்வேன் என்று அது அடம்பிடித்தது. அந்த அடம் நிறையப் பேருக்குப் பிடிக்கவில்லை. எனக்குப் பிடிக்கும். முகம் தெரியாத ஒருவர் எழுதிய மேவன் புரோஜெக்ட்டைத் திறந்தாலும் எது எங்கே இருக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

ஆண்ட்ராய்டு என்றால் கிரேடில் என்ற கருவிதான், யோசிக்க ஒன்றுமில்லை. சர்வர் பக்கம் புதிதாகத் தொடங்குகிறாய் என்றால் மேவனை எடு. கிரேடில் வேகமானது, எப்படி வேண்டுமானாலும் வளையும். அந்த வளைவில்தான் எனக்குப் பயம். பில்ட் கோப்புக்குள்ளேயே கெட்டிக்காரத்தனமாக ஒரு புரோகிராமை எழுதி வைத்துவிட்டு, எழுதியவர் போய்விடுவார். எது எடுத்தாலும் ஒன்றை எடு. ஒரே புரோஜெக்ட்டில் இரண்டையும் வைத்து "இரண்டும் வேலை செய்யும்" என்று சொல்லாதே. ஆறு மாதத்தில் ஒன்று கெட்டுப்போயிருக்கும், எது என்று யாருக்கும் தெரியாது.

ரேப்பரைக் கட்டாயம் போடு. மேவனுக்கும் உண்டு, கிரேடிலுக்கும் உண்டு. எந்த வெர்ஷன் கருவியால் கட்டினோம் என்பதை அந்தச் சின்னக் கோப்புகள் புரோஜெக்ட்டுக்குள்ளேயே எழுதி வைக்கும். இல்லாத கணினியில் தானாக இறக்கிக்கொள்ளும். அடுத்த ஆளுக்குத் தேவை ஜேடிகே மட்டும்தான்.

ஜாவா வெர்ஷனையும் எழுதி வை. 8, 11, 17, 21, 25 என்று நீண்ட கால ஆதரவுள்ளவை வந்துவிட்டன. ஆனால் வாடிக்கையாளர் சர்வரில் இன்னமும் 8 ஓடுகிற இடங்கள் இருக்கின்றன. இங்கே ஒரு நுணுக்கம் இருக்கிறது. மேவன் அமைப்புகளை எழுதி வைக்கிற பொம் கோப்பில் 'சோர்ஸ்', 'டார்கெட்' இரண்டையும் 8 என்று போட்டுவிட்டு ஜேடிகே 21இல் கட்டினால், ஜாவா 9இல் வந்த லிஸ்ட்.ஆஃப் போன்ற ஒன்றை நீ பயன்படுத்தினாலும் கம்பைலர் வாயைத் திறக்காது. உன் மேசையில் ஓடும். சர்வரில் போய் விழும். அவற்றுக்குப் பதில் 'ரிலீஸ்' என்ற அமைப்பை 8 என்று வை. அப்போது 8இல் இல்லாததைத் தொட்டாலே கம்பைலர் அங்கேயே நிறுத்திவிடும்.

மேவனில் எல்லாரும் மந்திரம் மாதிரி 'கிளீன் இன்ஸ்டால்' அடிப்பார்கள். உனக்கு வேண்டியது பெரும்பாலும் 'வெரிஃபை' மட்டும்தான். இன்ஸ்டால் அடித்தால் உன் வீட்டு .எம்2 ஃபோல்டரில் ஒரு நகல் போய் உட்காரும். பிறகு இன்னொரு மாட்யூல் அந்தப் பழைய நகலை எடுத்துக்கொண்டு உன் கணினியில் மட்டும் ஜோராக ஓடும்.

லைன் சரியில்லாத வீட்டில்

இதை எந்தப் புத்தகமும் சொல்லாது. தோட்டப் பக்கம், கம்பத்துப் பக்கம் இருக்கிற பிள்ளைகளுக்கு இணையம் ஒரு நாள் வரும், ஒரு நாள் வராது. மேவன் முதல் முறை ஓடும்போது உலகத்தையே இறக்கும். அதை கேம்பஸ் வைஃபையில் முடித்துவிடு. 'கோ-ஆஃப்லைன்' என்று ஒரு கட்டளை இருக்கிறது, எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கி வைக்கும் என்பார்கள். அதை மட்டும் நம்பிப் பஸ் ஏறாதே. டெஸ்ட் ஓட்டுகிற ஷ்யூர்ஃபயர் பிளகின் தனக்கு வேண்டிய சில ஜார்களை டெஸ்ட் ஓடுகிற நேரத்தில்தான் தேடும். கோ-ஆஃப்லைன் அதைத் தவறவிடுவது உண்டு. வைஃபை இருக்கும்போதே ஒரு முறை முழுசாக வெரிஃபை ஓட்டிவிட்டு, உடனே '-ஓ' போட்டு ஆஃப்லைனில் இன்னொரு முறை ஓட்டிப் பார். இரண்டாவதும் பச்சையாக வந்தால் தைரியமாக வீட்டுக்குப் போ. தோழியின் .எம்2 ஃபோல்டரை பென்டிரைவில் வாங்கிக்கொள்வதும் ஒரு வழிதான். பாஸ்வேர்டு இருக்கக்கூடிய செட்டிங்ஸ் கோப்பை மட்டும் விட்டுவிட்டு 'ரெபாசிட்டரி' ஃபோல்டரை மட்டும் நகலெடு.

உனக்குத் தெரியாமல் உள்ளே வருகிறவை

பொம் கோப்பில் நீ எழுதுவது பத்து லைப்ரரியாக இருக்கும். அந்தப் பத்தும் தங்களுக்கு வேண்டியவற்றைக் கூட்டிவரும், வந்தவையும் கூட்டிவரும். கடைசியில் சர்வருக்குப் போகிற கோப்பைப் பிரித்துப் பார்த்தால் நீ பெயரே கேள்விப்படாத ஜார்கள் வரிசையாக இருக்கும். யார் யாரைக் கூட்டி வந்தார் என்று காட்ட 'டிபென்டன்சி:ட்ரீ' என்ற கட்டளை இருக்கிறது. புரோஜெக்ட் கைக்கு வந்த அன்றே அதை ஓட்டி, பொறுமையாக ஒரு முறை படித்துவிடு.

ஒரே லைப்ரரியை இரண்டு பேர் இரண்டு வெர்ஷனில் கேட்டால் மேவன் என்ன செய்யும்? மரத்தில் உன் புரோஜெக்ட்டுக்கு எது கிட்டே இருக்கிறதோ அதை எடுக்கும். தூரம் சமம் என்றால் பொம் கோப்பில் முதலில் எழுதியது ஜெயிக்கும். ஆமாம், இரண்டு பத்தியை மேலும் கீழும் மாற்றி வைத்தாலே வெர்ஷன் மாறிவிடலாம். கிரேடில் அப்படியில்லை, வழக்கமாக உயர்ந்த எண்ணை எடுக்கும். ஆகவே மேவனிலிருந்து கிரேடிலுக்கு மாற்றும்போது "கோட்டில் ஒரு வரி மாற்றவில்லையே, ஏன் உடைந்தது" என்று முழிக்காதே. 'நோசச்மெத்தட்எரர்' என்று ஓடும்போது வந்து விழுந்தால், பத்துக்கு ஒன்பது முறை கோட்டில் தேடாமல் இந்த மரத்தில்தான் தேட வேண்டும்.

வெர்ஷன் எண்களை 'டிபென்டன்சி மேனேஜ்மென்ட்' பகுதியில் ஒரே இடத்தில் வை. ஸ்பிரிங் பூட் மாதிரி பெரிய குடும்பங்கள் ஒன்றோடு ஒன்று ஒத்துப்போகிற எண்களை பி.ஓ.எம். (பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்) என்ற பட்டியலாகவே தருகின்றன. அதை இழுத்துக்கொண்டால் நீ தனித்தனியாக எண் எழுத வேண்டாம். பட்டியலைக் கொண்டுவந்துவிட்டு, "இது புதுசு" என்று நடுவில் ஒன்றுக்கு மட்டும் சொந்த எண் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். காரணத்தைப் பக்கத்தில் குறிப்பாக எழுதாத வரை அதைச் செய்யாதே. 'லேட்டஸ்ட்', கூட்டல் குறி, இதெல்லாம் எண் இல்லை. நேற்றுக் கட்டியதும் இன்றைக்குக் கட்டியதும் ஒன்றாக இருக்கணும்.

டெஸ்ட் எழுத உதவுகிற ஜேயூனிட், மொக்கிட்டோ இரண்டுக்கும் 'டெஸ்ட்' ஸ்கோப் போடு, சர்வருக்குப் போக வேண்டாம். ஸ்பிரிங் பூட் 2இலிருந்து 3க்கு மாற்றச் சொன்னால் அதை "எண் மாற்றுகிற வேலை" என்று நினைத்து ஒத்துக்கொள்ளாதே. 2022 நவம்பரில் வந்த 3ஆம் பதிப்பில் குறைந்தது ஜாவா 17 வேண்டும். 'ஜாவாஎக்ஸ்' என்று தொடங்கிய பல பெயர்கள் 'ஜகார்த்தா' ஆகிவிட்டன. கேட்பவரிடம் அவகாசம் கேள்.

எங்கிருந்து இறக்குகிறோம் என்பதும் மாறும். மேவன் சென்ட்ரல் 2020 ஜனவரி 15 முதல் பூட்டில்லாத பழைய எச்டிடிபி வழியை மூடிவிட்டது. அதற்கு முந்திய சில பொம் கோப்புகளை ஓட்டினால் 501 என்று திட்டு வருவது அதனால்தான். ஜேசென்டர் என்ற இன்னொரு களஞ்சியத்தை மூடப்போவதாக ஜேஃப்ராக் 2021 பிப்ரவரியில் அறிவித்தது. பழைய ஆண்ட்ராய்டு புரோஜெக்ட் வந்தால் முதலில் பில்ட் கோப்பில் ஜேசென்டர் என்ற வரி இருக்கிறதா என்று பார்.

இரண்டு பெரிய விபத்துகளை மட்டும் விவரமாகச் சொல்கிறேன், ஏனென்றால் இரண்டுமே மரத்தைப் படிக்காததால் பெரிதானவை.

2021 டிசம்பர். லாக்4ஜே என்பது பதிவு எழுதுகிற லைப்ரரி, ஜாவா உலகத்தில் எங்கும் இருப்பது. அலிபாபா கிளவுட் பாதுகாப்புக் குழுவைச் சேர்ந்த ஒருவர் நவம்பர் கடைசியில் அதில் ஓட்டையைக் கண்டு அப்பாச்சிக்குத் தெரிவித்தார். டிசம்பர் 10 வாக்கில் உலகத்துக்கே தெரிந்துவிட்டது. பதிவில் எழுதப்படுகிற வாசகத்துக்குள் ஒரு குறிப்பிட்ட சொற்றொடரை நுழைத்தால் போதும், வெளியாள் தன் கோடை உன் சர்வரில் ஓட்டலாம். ஆபத்து அளவு பத்துக்குப் பத்து. 2.15.0 வந்தது, அதிலும் ஓட்டை, 2.16.0, 2.17.0, 2.17.1 என்று அதே மாதத்துக்குள் அடுத்தடுத்து வந்தன. அப்போது எல்லா மேனேஜர்களும் கேட்டது ஒரே கேள்வி: "நம்மிடம் இது இருக்கிறதா?" மேவன் புரோஜெக்ட் ஒழுங்காக வைத்திருந்தவர்கள் ஒரு கட்டளையில் பதில் சொன்னார்கள். லிப் ஃபோல்டர் வைத்திருந்தவர்கள் சர்வர் சர்வராக ஜார் கோப்புகளைத் தேடினார்கள். இன்னொரு ஜாருக்குள் பொதிந்து கிடந்ததைப் பெயரை வைத்துத் தேடிக் கண்டுபிடிக்கவும் முடியாது.

அடுத்தது நம் தமிழ்நாட்டுப் பக்கத்துக் கதை. சென்னையில் வளர்ந்து, தென்காசிக்குப் பக்கத்தில் கிராமத்திலும் ஆபீஸ் போட்ட ஜோஹோவை எனக்குப் பிடிக்கும்; டவுன் போகாமலே இந்த வேலை செய்யலாம் என்று காட்டியவர்கள். அவர்களின் மேனேஜ்எஞ்சின் பொருள்கள் ஜாவாவில் எழுதியவை. அவற்றில் இருபதுக்கும் மேற்பட்டவை எக்ஸ்எம்எல்செக் என்ற அப்பாச்சி லைப்ரரியின் 1.4.1 வெர்ஷனை வைத்திருந்தன. பத்து வருஷத்துக்கும் மேல் பழையது. அந்தப் பழைய வெர்ஷன் சில பாதுகாப்பு வேலைகளை, தன்னைப் பயன்படுத்துகிற புரோகிராமின் பொறுப்பில் விட்டிருந்தது. புரோகிராம் அதைச் செய்யவில்லை. வியட்நாம் நாட்டு ஆய்வாளர் ஒருவர் கண்டுபிடித்துச் சொல்ல, 2022 அக்டோபர், நவம்பரில் திருத்தம் வந்தது. 2023 ஜனவரியில் விவரம் வெளியானது. சிவிஇ-2022-47966 என்று தேடினால் கிடைக்கும். திருத்தத்தைப் போடாத ஒரு விமானத் துறை நிறுவனத்துக்குள் அந்தப் பொருள்களில் ஒன்றான சர்வீஸ்டெஸ்க் பிளஸ் வழியாக ஆட்கள் புகுந்ததை அதே வருஷம் அமெரிக்காவின் சைபர் பாதுகாப்பு அமைப்பான சீசா அறிவித்தது. இவ்வளவு பெரிய, கெட்டிக்காரக் கம்பெனியிலேயே ஒரு பழைய ஜார் யார் கண்ணிலும் படாமல் இருந்திருக்கிறது. ஈப்போவில் நாலு பேர் வைத்திருக்கிற ஆபீசில் யார் பார்ப்பார்கள்? நீதான் பார்க்கணும். மாதத்துக்கு ஒரு தடவை எந்த லைப்ரரிக்குப் புது வெர்ஷன் வந்திருக்கிறது என்று காட்டுகிற 'வெர்ஷன்ஸ்' பிளகினை ஓட்டு. கிட்ஹப்பில் இருந்தால் டிபென்டபாட்டை இயக்கிவிடு. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் ஏற்று, டெஸ்ட் ஓட்டு, அடுத்ததற்குப் போ.

டெஸ்ட்: பால் ஸ்டோரில் நடந்தது

டெஸ்ட் இல்லாமல் மேலே சொன்னது எதையும் செய்யத் துணிவு வராது. எதற்காக டெஸ்ட் என்று கேட்கிற பிள்ளைகளிடம் நான் சொல்வது இதுதான்: வீட்டில் பாட்டியைக் கேள். பால் ஸ்டோரில் ஒவ்வொருவர் வாளியையும் நிறுத்து, மெட்ரோலாக் மானியை மிதக்கவிட்டு, ரப்பர் எவ்வளவு தண்ணீர் எவ்வளவு என்று பார்த்த பிறகுதான் பெரிய தொட்டியில் ஊற்றுவார்கள். தொட்டியில் கலந்த பிறகு யார் வாளியில் தண்ணீர் இருந்தது என்று எந்தக் கிராணியாலும் சொல்ல முடியாது. யூனிட் டெஸ்ட் அந்த வாளிச் சோதனை.

கென்ட் பெக்கும் எரிக் காமாவும் 1997இல் சூரிச்சிலிருந்து அட்லாண்டா போகிற விமானத்தில் உட்கார்ந்து எழுதத் தொடங்கியது ஜேயூனிட். வரலாறு அவ்வளவு போதும். என்ன டெஸ்ட் எழுதுவது என்பதுதான் முக்கியம், அங்கேதான் பாடப்புத்தகம் காலை வாருகிறது. இரண்டும் இரண்டும் நாலு என்று அதில் எழுதியிருக்கும். நம் ஊர்ப் புரோகிராம்கள் உடைவது வேறு இடங்களில்.

முதலில் காசு. 2008 ஏப்ரல் 1 முதல் மலேசியாவில் பில் மொத்தத்தை 5 காசுக்குச் சரிசெய்கிறோம். 12.02 வெள்ளி 12.00 ஆகும், 12.03 என்றால் 12.05, 12.07 இறங்கி 12.05, 12.08 ஏறி 12.10. இதற்கு 'பாராமீட்டரைஸ்டு டெஸ்ட்' ஒன்றே போதும். கடைசி இலக்கம் 0 முதல் 9 வரை பத்து வரி. சரிசெய்வது மொத்தத்துக்குத்தான், ஒவ்வொரு சாமானுக்கும் இல்லை. மூன்று சாமான் வாங்கிய பில்லுக்கும் ஒரு டெஸ்ட் போடு. கணக்கை 'டபிள்'இல் போடாதே, பிக்டெசிமல் எடு, அதையும் மேற்கோள் குறிக்குள் எழுத்தாகக் கொடுத்து உருவாக்கு. இன்னொரு பொறி: பிக்டெசிமலுக்கு 2.0ம் 2.00ம் 'ஈக்வல்ஸ்' போட்டால் சமமில்லை. 'கம்பேர்டூ' போட்டுப் பார்க்கணும். புதிதாக டெஸ்ட் எழுதுகிற எல்லாரும் இதில் ஒரு மத்தியானத்தைத் தொலைப்பார்கள்.

சேமநிதி அதைவிட மோசம். தொழிலாளிக்கு 11 விழுக்காடு; முதலாளிக்கு 5,000 வெள்ளி வரை 13, அதற்கு மேல் 12. இதைப் படித்துவிட்டு நேராகப் பெருக்கினால் தப்பு. வாரியத்தின் மூன்றாம் அட்டவணை 5,000 வரை 20 வெள்ளிப் படிகளாகப் போகிறது. படியின் உச்சத் தொகைக்குத்தான் கணக்கு. 1,690 வெள்ளி சம்பளத்தைப் பெருக்கி மேலே முழுதாக்கினால் தொழிலாளி 186, முதலாளி 220. அட்டவணைப்படி 187, 221. மாதத்துக்கு ஒரு வெள்ளி வித்தியாசம்தானே என்று விடுவார்கள், வாரியம் விடாது. 1,680.00, 1,680.01, 1,700.00, 5,000.00, 5,000.01 என்று படியின் இரண்டு ஓரத்துக்கும் டெஸ்ட் எழுது. 5,000க்கு முதலாளி பங்கு 650, ஒரு காசு கூடினால் 612. இறங்குகிறதே, தப்போ என்று மேனேஜர் கேட்பார். சரிதான் என்று டெஸ்ட்டைக் காட்டு. தோட்டத்தில் வெளிநாட்டுத் தொழிலாளர்கள் இருப்பார்கள். 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கும் இரண்டு தரப்பும் 2 விழுக்காடு கட்ட வேண்டும், வீட்டுப் பணியாளர்களுக்கு மட்டும் விலக்கு. ஆக, விகிதம் என்பது தேதியோடு சேர்ந்தது.

தேதியோடு மாறுவதற்கு வரியைவிட நல்ல பாடம் கிடையாது. 2015 ஏப்ரல் 1 ஜிஎஸ்டி 6 விழுக்காடு, 2018 ஜூன் 1 பூஜ்யம், செப்டம்பர் 1 எஸ்எஸ்டி, 2024 மார்ச் 1 முதல் பெரும்பாலான சேவைகளுக்கு 8 (உணவு, தொலைத்தொடர்பு போன்ற சில 6இலேயே நின்றன). பழைய பில்லை இன்றைக்கு மறுபடி அச்சடித்தால் பழைய வரிதான் வரணும். கோட்டுக்குள் 'லோக்கல்டேட்.நவ்' என்று எழுதினால் இதை டெஸ்ட் பண்ணவே முடியாது. ஜாவாவின் 'கிளாக்' பொருளை வெளியிலிருந்து கொடு; டெஸ்ட்டில் அதை 2024 பிப்ரவரி 29க்கு நிறுத்தி ஒரு தடவை, மார்ச் 1க்கு நிறுத்தி ஒரு தடவை ஓட்டு.

அப்புறம் நம்ம பெயர். ஏ/எல், ஏ/பி. அந்தச் சாய்கோட்டை "தவறான எழுத்து" என்று தள்ளுகிற படிவத்தை நீயே பார்த்திருப்பாய். படிவம் ஏற்றுக்கொண்டாலும், சம்பளச் சீட்டைத் தொழிலாளி பெயரிலேயே பிடிஎஃப் கோப்பாகச் சேமிக்கிற இடத்தில் சாய்கோடு ஃபோல்டர் பிரிப்பாக மாறிவிடும். மலாய், சீனத் தொழிலாளிகளுக்கெல்லாம் சீட்டு வரும், நம் ஆளுக்கு மட்டும் வராது. டெஸ்ட் தரவில் 'ஜான் டோ' போடாமல் ஏ/பி உள்ள பெயர் ஒன்றைப் போடு. தமிழ் எழுத்திலும் ஒன்று போடு. 'மீனாட்சி' நமக்கு நாலு எழுத்து, ஜாவாவின் 'லெங்த்' எட்டு என்னும். பத்து எழுத்துக்கு மேல் வெட்டுகிற கோட், இதைவிட நீளமான தமிழ்ப் பெயரை ஓர் எழுத்தின் நடுவில் வெட்டிப் புள்ளியைத் தொலைத்துவிடலாம். பொம் கோப்பில் சோர்ஸ் என்கோடிங்கை யூடிஎஃப்-8 என்று எழுதி வைக்காவிட்டால், அதே டெஸ்ட் ஆபீஸ் சர்வரில் பச்சையாகவும் விண்டோஸ் லேப்டாப்பில் கேள்விக்குறிகளாகவும் வரும். ஜாவா 18 முதல் கோப்புகளைப் படிக்கவும் எழுதவும் இயல்பே யூடிஎஃப்-8 ஆகிவிட்டது, ஆனால் 8லும் 11லும் 17லும் இன்னும் பார்த்து நடக்கணும்.

அடையாள அட்டை எண்ணை எண்ணாகச் சேமிக்காதே, எழுத்தாகச் சேமி. 2003இல் பிறந்த பிள்ளையின் எண் 03 என்று தொடங்கும். எண்ணாக்கினால் முன் பூஜ்யம் போய் பதினோரு இலக்கம் ஆகிவிடும். நடுவில் 08 இருந்தால் பேராவில் பிறந்தவர் என்று கோட் எழுதுவார்கள். பேராவுக்கு 36 முதல் 39 வரையும் உண்டு, அதற்கும் ஒரு வரி. ஆண்டு இரண்டே இலக்கம் என்பதால் 1926ஆ 2026ஆ என்ற கேள்விக்கு உன் கோட் என்ன சொல்கிறது என்று டெஸ்ட் சொல்லணும். பிறந்த தேதிக்கு 'லோக்கல்டேட்' மட்டும் எடு. 1982 பிறக்கும்போது தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. பழைய ஜேடிகேக்களின் நேர மண்டலத் தகவலில் 1982 ஜனவரி 1 நள்ளிரவு என்ற நேரமே கோலாலம்பூருக்குக் கிடையாது. பிறந்த நாளை நேரத்தோடு சேர்த்துச் சேமித்த புரோகிராம்கள் அன்று பிறந்தவர்களிடம் மட்டும் கோளாறு பண்ணின. அந்தத் தேதியையும் டெஸ்ட்டில் ஒரு வரியாகச் சேர்த்துவிடு, சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

பச்சை என்றதும் நம்பாதே. 'பில்ட் சக்சஸ்' வந்தாலும் அதற்கு மேலே எத்தனை டெஸ்ட் ஓடியது என்ற வரியைப் பார். ஷ்யூர்ஃபயர் 2.22.0க்கு முந்தியதாக இருந்தால் ஜேயூனிட் 5இல் எழுதியதை அது கண்டுகொள்ளாது. பூஜ்யம் டெஸ்ட், பில்ட் வெற்றி! கிளாஸ் பெயர் ஷ்யூர்ஃபயர் எதிர்பார்க்கிற மாதிரி ('டெஸ்ட்' என்று முடிவது போல) இல்லாவிட்டாலும், ஜேயூனிட் 4இன் இறக்குமதி வரி தெரியாமல் கலந்துவிட்டாலும் இதே மௌனம்தான். புதிதாக ஒரு டெஸ்ட் எழுதினால் முதலில் வேண்டுமென்றே தப்பான விடையைப் போட்டு, சிவப்பு வருகிறதா என்று பார்த்துவிட்டுத் திருத்து.

மொக்கிட்டோவைப் பற்றி ஒரு வார்த்தை: எல்லாவற்றையும் பொய்யாக்கிவிட்டால் பொய்யைத்தான் சோதிப்பாய். வெளியே போகிற இமெயில், வங்கி இணைப்பு இவற்றுக்கு மட்டும் போதும். சேமநிதிக் கணக்குக்கு மொக் எதற்கு?

அவசரம் என்று டெஸ்ட்டைத் தாண்டச் சொல்வார்கள். 'ஸ்கிப்டெஸ்ட்ஸ்' போட்டால் ஓடாது, ஆனால் டெஸ்ட் கோட் கம்பைலாவது ஆகும். 'மேவன்.டெஸ்ட்.ஸ்கிப்' அதையும் செய்யாது. டெஸ்ட் கோடே அழுகிப் போகும். தாண்டியே ஆக வேண்டும் என்றால் முதலாவதைப் போடு, அன்று சாயங்காலமே முழுசாக ஓட்டிவிடு.

பிராக்டிகல் முடிகிற கடைசி வாரம் புது வேலை எதையும் வாங்காதே. ரீட்மீ கோப்பில் எந்த ஜேடிகே, எந்தக் கட்டளை, டேட்டாபேஸ் எப்படி எழுப்புவது என்று எழுது. கிட்ஹப் ஆக்‌ஷன்ஸோ ஆபீஸில் இருக்கிற ஜென்கின்ஸோ, ஒவ்வொரு முறை கோட் ஏறும்போதும் ரேப்பர் வழியாக வெரிஃபை ஓடும்படி வைத்துவிடு. பிறகு ஆபீசில் ஜாவா தெரிந்த வேறொருவரைக் கூப்பிட்டு, அவர் லேப்டாப்பில் ஒன்றுமில்லாமல் தொடங்கச் சொல். நீ பக்கத்தில் உட்கார்ந்து வாயைத் திறக்காமல் பார். அவர் உன் பக்கம் திரும்பிக் கேட்பதையெல்லாம் அன்றைக்கே ரீட்மீயில் சேர். டேட்டாபேஸ் பாஸ்வேர்டு கோட்டுக்குள் எழுதப்பட்டிருந்தால் எடுத்துவிட்டு, கிட் வரலாற்றில் பழையது இருக்கும் என்பதால் பாஸ்வேர்டையே மாற்றச் சொல்லி மேனேஜருக்கு எழுது; உன் பெயரில் திறந்த கணக்குகளை மூடச் சொல்லவும் மறக்காதே.